எக்ஸ்ப்ளோரரில் மட்டும்

ஏதாவது ஓர் இணையதளம் "இந்த உலாவியில் திறந்தால்தான் நான் வேலை செய்வேன்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் தலைக்கு ஏறுகிறது. என் மனைவி அடுப்படியிலிருந்தே, "ஆரம்பிச்சிட்டாரு" என்பாள். ஆரம்பிக்காமல் என்ன செய்வது? கடை வாசலில் வந்து நிற்பவனிடம், நீ எந்தக் கம்பெனி செருப்பு போட்டிருக்கிறாய் என்று கேட்டு உள்ளே விடுகிற கடைக்காரன் உண்டா? காசு கொடுத்து வாங்குகிற இடத்திலேயே அப்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் வரிப்பணத்தில் நமக்காகவே கட்டிய தளம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடமே கேட்டது.

அப்போது எனக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு கணினி ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை. வீடு கடலூரில், செம்மண்டலத்தில். காலையில் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஆய்வகத்துப் பிள்ளைகள் பென் டிரைவில் கொண்டுவராத வைரஸ் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை எல்லா மெஷினையும் துடைத்து விண்டோஸை மறுபடி போடுவதே என் பிழைப்பாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் துணிந்து எல்லா மெஷின்களிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். வைரஸ் நின்றது. காசு கொடுத்து வாங்க வேண்டியதுமில்லை, திருடிப் போட வேண்டியதுமில்லை. எனக்கு ஞானம் வந்ததுபோல் ஆகிவிட்டது. ஞானம் வந்தவன் சும்மா இருப்பானா? சொந்தக்காரர்கள் வீட்டில் இருந்த கம்ப்யூட்டருக்கெல்லாம் போய் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். இலவசம் என்றதும் யாருக்கும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மாதிரிக் குடும்பங்களில், விண்ணப்பம் போட்டுத் தருவதற்கென்றே ஓர் ஆள் இருப்பான். ரேஷன் கார்டில் பெயர் திருத்த, ஹால் டிக்கெட் எடுக்க, ரயிலில் இடம் பிடிக்க எல்லோரும் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். "அவன் பாத்துப்பான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தோடு கவலை விட்டது. எனக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என்னிடம் லினக்ஸ் வாங்கிக்கொண்டு, ஆறே மாதத்தில் அதைத் தூக்கிப் போட்டவர் ஒரே ஒருவர்தான். என் தங்கையின் கணவர். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. கடையில் கொடுத்து ஏதோ காப்பி டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரு காதுகுத்து விசேஷத்தில் பத்துப் பேர் நடுவில் வைத்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"திருட்டுச் சரக்க வீட்டுல வச்சிக்கினு எப்புடி மாப்ள தூக்கம் வருது?"

அவர் சிரித்தார். "அதுல பாட்டு நல்லா கேக்குது மச்சான்."

"அது இருக்கிற வரைக்கும் உன் கம்ப்யூட்டர்ல நான் கை வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அந்தச் சபதத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகப் போட்டேன், நானாகக் கட்டிக்கொண்டு அழுதேன்.

தங்கை நர்ஸ். அரசு ஆஸ்பத்திரி வேலை, ஓசூர்ப் பக்கம். கடலூரிலிருந்து போய்ச் சேர ஒரு பகல் போய்விடும். பிரசவ விடுப்பு முடிந்து கிளம்பும்போது குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே அவளுக்கு இரவு டூட்டி, இங்கே மாப்பிள்ளைக்கு ஷிப்ட், நெல்லிக்குப்பம் வீட்டில் வேறு ஆள் கிடையாது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளைப் பார்க்க வந்துவிடுவார். தங்கை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவாள். குழந்தை பேச ஆரம்பித்ததும் என் மனைவியை அம்மா என்று கூப்பிட்டது. முதலில் எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள்.

குழந்தைக்கு இரண்டரை வயதானபோது, ஒரு சாயங்காலம் தங்கை போன் செய்தாள். குழந்தை பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. மனைவி போனை அதன் காதில் வைத்தபோது தட்டிவிட்டது. தங்கை, "பரவால்ல அண்ணி, வெளையாடட்டும்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் நான் ஆய்வகத்தில் இருக்கும்போது எனக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்த வருஷம் எப்புடியாவது கடலூருக்கு டிரான்ஸ்பர் வாங்கிடணும். இன்னும் ஒரு வருஷம் போச்சின்னா அவளுக்கு நான் யாரோ ஆயிடுவேன்."

"நான் பாத்துக்குறேன், நீ கவலப்படாத" என்றேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே வார்த்தை.

அதுவரை இடமாறுதலுக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் முதல் முறையாக இணையத்தில் போடச் சொன்னார்கள். ஒரு வாரம் அவகாசம். கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலும் இருந்தால் முன்னுரிமை உண்டு. கணவன் வேலை செய்யும் இடத்திலிருந்து சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும். தங்கைக்கு அங்கே விடுதியில் கம்ப்யூட்டரும் கிடையாது, பகலில் விழித்திருக்க நேரமும் கிடையாது. தன் சான்றிதழ்களைக் கூரியரில் எனக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஆலையில் வாங்கிய சான்றிதழோடு வந்தார். அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தளத்தைத் திறந்தேன்.

வெள்ளைத் திரை. நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி. இந்தத் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எட்டாம் பதிப்பில் மட்டுமே இயங்கும். உள்ளே போகப் பொத்தான்கூட இல்லை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸோடு வருவது. லினக்ஸில் அது கிடையாது, வரவும் வராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினியில் லினக்ஸும் போட்டுக் கொடுத்தது யார்? இதே அரசாங்கம். ஒரு கையால் லினக்ஸைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் கதவைச் சாத்துவதா? தளத்தில் இருந்த உதவி எண்ணுக்கு மறுநாள் கூப்பிட்டு இதைத்தான் கேட்டேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட் சார்" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். "நீங்க எக்ஸ்ப்ளோரர்ல ஓபன் பண்ணுங்க, வரும்."

"எங்கிட்ட எக்ஸ்ப்ளோரர் இல்ல. லினக்ஸ் வச்சிருக்கேன்."

"அப்ப எக்ஸ்ப்ளோரர் இன்ஸ்டால் பண்ணிட்டு ஓபன் பண்ணுங்க சார்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை சொன்னார், "மச்சான், நம்ம வீட்டுக்கு வாங்களேன். அதுல எக்ஸ்ப்ளோரர் இருக்குது. போட்டுட்டு வந்துடலாம்." கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். என் காதில்தான் கிண்டலாக விழுந்தது. மனைவியும் சொன்னாள், "இன்னாங்க, ரோட்டு முனையில ப்ரௌசிங் சென்டர் இருக்குதே." தங்கையின் சான்றிதழ்களை யார் யாரோ உட்காரும் மெஷினில் ஏற்றுவதா என்று அவளை அடக்கினேன். அது நியாயமான பேச்சுதான். ஆனால் காரணம் அதுவல்ல. காரணம் வறட்டுக் கௌரவம். நானே போட்ட சபதம், நானே செய்த பிரசங்கம், நானே பாத்துக்குறேன் என்று சொன்ன வார்த்தை. மாப்பிள்ளை முன்னால் அந்தச் சிவப்பு வரியிடம் தோற்பதற்கு எனக்கு மனசில்லை.

"அவன் எக்ஸ்ப்ளோரர்தான வேணுங்குறான்? லினக்ஸ்லயே எக்ஸ்ப்ளோரர ஓட்டிக் காட்டுறேன்" என்றேன்.

அதற்கு ஒரு வழி உண்டு. வைன் என்று ஒரு மென்பொருள். விண்டோஸுக்காக எழுதிய நிரலை லினக்ஸில் ஓட்டுவதற்கான தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிரல் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் வைன் காதில் வாங்கி, லினக்ஸிடமிருந்து வாங்கிக் கொடுக்கும். நிரலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதில் இறங்கினேன். முதல் நாள் எக்ஸ்ப்ளோரர் ஏறவே இல்லை. இரண்டாம் நாள் ஏறியது, திறந்த மறுகணம் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் திறந்தது. ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துருக்களைக் கொண்டுவந்து போட்டேன். நான்காம் நாள் தளத்துக்குள் நுழைந்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே நான்கு நாளும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசி நாள் லீவு போட்டுவிட்டு, அதே ஏற்பாட்டை வீட்டு மெஷினிலும் செய்துகொண்டு உட்கார்ந்தேன். பெயர், பணி, ஊர் எல்லாம் நிரப்பினேன். சான்றிதழை இணைக்கும் இடத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் வந்து உட்கார்ந்தது. சமர்ப்பித்தேன். திரை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. விண்ணப்ப எண் வந்தது.

எழுந்து குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன். "ஒங்கம்மா வரப் போறா" என்றேன். அது என் மனைவி நின்ற பக்கம் பார்த்தது. தங்கைக்குப் போன் செய்து முடிந்தது என்றேன். அடுத்து மாப்பிள்ளைக்கு. "பாத்தியா மாப்ள, திருட்டுச் சரக்கு இல்லாமலே போட்டுட்டேன்!" என்றேன். அதுகூடப் பொய். எக்ஸ்ப்ளோரர் விண்டோஸ் வாங்கியவர்களுக்குத்தான் என்று அதன் உரிமத்தில் எழுதியிருந்ததை நான் படிக்காமலே சம்மதம் என்று அழுத்தியிருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்தவன் ஓட்டியதும் திருட்டுச் சரக்குதான்.

ஒரு மாதம் கழித்து முன்னுரிமைப் பட்டியல் வந்தது. கடலூரில் சுகாதாரத் துறை அலுவலக வாசலில் ஒட்டியிருந்தார்கள். மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன், தங்கையின் பெயர் இல்லை. உள்ளே போய் மேசையில் இருந்தவரிடம் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். சான்றிதழ் என்ற இடத்தில் கோப்பின் பெயர் இருந்தது. அளவு பூஜ்யம். பெயர் மட்டும் போயிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

"எதுல போட்டீங்க சார்?"

"எக்ஸ்ப்ளோரர்லதான்!"

"எக்ஸ்ப்ளோரர்ல போட்டா கரெக்டா வருமே."

"லினக்ஸ்ல வைன் போட்டு, அதுல எக்ஸ்ப்ளோரர்..."

அவர் நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. யாரிடம்தான் சொல்ல முடியும்? லினக்ஸ், அதன்மேல் வைன், அதன்மேல் எக்ஸ்ப்ளோரர் என்று நான் போட்ட ஒட்டுவேலையில் எந்த ஒட்டில் ஓட்டை என்று எனக்கே தெரியாது. இதோ சான்றிதழ் கையில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். "கையில வாங்க எங்களுக்கு ஆர்டர் இல்ல சார். எல்லாம் ஆன்லைன்" என்றார். ஆன்லைனில் போட எனக்கு வழி இல்லை, கையில் வாங்க அவருக்கு வழி இல்லை. நடுவில் ஒரு குழந்தை.

மறுநாள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, இத்தனை பாடுபடுத்திய தளத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தச் சிவப்புப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி. வந்திருக்கும் உலாவியின் பெயர் என்ன என்று கேட்கிறது. எக்ஸ்ப்ளோரர் எட்டு என்றால் உள்ளே விடுகிறது. வேறு பெயர் சொன்னால் வெளியே நிறுத்துகிறது. அவ்வளவுதான். உலாவிக்கு நாமாக எந்தப் பெயரை வேண்டுமானாலும் சூட்டலாம். என் லினக்ஸில் இருந்த ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு எக்ஸ்ப்ளோரர் எட்டு என்று பெயர் வைத்தேன். அரை நிமிஷ வேலை. தளம் வாயெல்லாம் பல்லாகத் திறந்துகொண்டது. எழுத்து, கட்டம், பட்டியல் எதிலும் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பம் போடும் நாள்தான் முடிந்துபோயிருந்தது.

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போனவன் நான். ஆனால் என்னை அப்படிச் சுற்றவிட்டவன் எவன்? யாரோ ஒருவன் ஒரு மேசையில் உட்கார்ந்து, தன் மெஷினில் இருந்த ஒரே உலாவியில் மட்டும் பார்த்துவிட்டு, மற்றதில் பார்க்கச் சோம்பல்பட்டு, கதவை இழுத்துச் சாத்த ஒரு வரி எழுதியிருக்கிறான். தளம் எல்லோருக்கும் வேலை செய்யத் தயாராகவே இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அன்று தங்கைக்குப் போன் செய்து அந்த ஒரு வரியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். வழக்குப் போடலாம் என்றேன், பத்திரிகைக்கு எழுதலாம் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரிண்ணா. டூட்டிக்கு நேரமாச்சி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையும் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "உடுங்க மச்சான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே என்று அந்த மனுஷன் ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த வருஷம் அறிவிப்பு வந்த அன்றே நெல்லிக்குப்பத்துக்குப் போனேன். கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கி மீதி தூரத்தை நடந்தே போனேன். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய விண்டோஸில், அவருடைய எக்ஸ்ப்ளோரரில் தளத்தைத் திறந்தேன். நிரலைத் திறந்து பார்த்தால், உலாவியின் பெயரைக் கேட்ட வரியைக் காணோம். எந்த உலாவியில் வேண்டுமானாலும் வரலாம்போல இருக்கிறது. யாரோ அந்த ஒரு வரியை அழித்துவிட்டார்கள். போன வருஷம் வெளியே நின்றவர்களுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. அப்படி ஒன்று நடந்ததாகவே அந்தத் தளத்துக்கு நினைவில்லை. பத்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. சான்றிதழின் அளவை ஐந்து தடவை பார்த்தேன்.

ஜூன் மாதம் தங்கை கடலூருக்கு வந்து சேர்ந்தாள். அப்போது குழந்தைக்கு நான்கு வயது ஆகப்போகிறது. ஆட்டோ சத்தம் கேட்டு நானும் மனைவியும் மாப்பிள்ளையும் பெட்டிகளை இறக்க வெளியே போவதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். குழந்தை ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் எப்படிப் பேச வேண்டும் என்று என் மனைவி அதற்குப் பழக்கி வைத்திருந்தாள். தெருவில் எல்லோரும் அதை மெச்சுவார்கள். அது எழுந்து நின்றது.

"வாங்க" என்றது பெற்றவளைப் பார்த்து. "ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

என் மனைவி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். என்னால் மாப்பிள்ளையின் பக்கம் திரும்ப முடியவில்லை. எத்தனையோ பேரைக் கோபித்த வாய்க்கு அன்றைக்கு யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை.

"குடும்மா" என்று தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக நடந்து வந்து கொடுத்தது. தங்கை குடித்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு அது மறுபடி படம் வரையப் போனது.

"இன்னும் கொஞ்சம் குடுக்குறியா?" என்றாள் தங்கை.

மறுபடியும் கொண்டுவந்தது. அதையும் குடித்தாள். குழந்தையின் கை விரல்களைத் தொட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒன்று கேட்டாள்.